கணக்கை மூடிவிட்டேன் என்றார், மெயில் மட்டும் போய்க்கொண்டே இருந்தது

மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் எங்களுக்குச் சின்ன லாரி கம்பெனி. தோட்டத்திலிருந்து மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிறோம். ஆபீஸ் இமெயில் ஓடுவது எங்கள் சொந்த சர்வரில், உபுண்டு என்ற லினக்ஸ் போட்டது. அதைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு மாதம் 250 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வந்தோம். மார்ச்சில் நிறுத்தினோம். "என் கணக்கை மூடிட்டேன் அண்ணே, இனி நானே நினைச்சாலும் உள்ள வர முடியாது" என்று சொல்லி, ஒப்படைப்புக்கென்று 300 வெள்ளி வாங்கினார். ரசீது கேட்டேன், சிரித்தார். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஜூலை கடைசியில் மில் கிராணி போன் செய்தார். "உங்க ஆபீசுக்கு மெயில் போட்டா, எவனோ ஒருத்தன் ஜிமெயில் பெட்டி நிரம்பிடுச்சுன்னு எனக்குத் திரும்பி வருதேய்யா?" அந்த மெயில் எங்களுக்கும் ஒழுங்காக வந்திருந்தது.

ஈப்போவிலிருந்து அக்கா மகன் வந்து பார்த்தான். சர்வரின் செட்டிங் எல்லாம் இருக்கும் ஈடிசி ஃபோல்டரில் ஏலியாசஸ் என்று ஒரு ஃபைல், எந்தப் பெயருக்கு வரும் மெயில் யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியல். அதில் 'அக்கவுண்ட்ஸ்' என்ற பெயருக்கு எதிரே எங்கள் கிளார்க் பெயர், ஒரு கமா, அப்புறம் அந்த மனிதரின் சொந்த முகவரி. ஃபைலைத் திருத்திய தேதி, அவர் விலகியதற்கு முந்தின நாள். நான்கு மாதமாக எங்கள் பில், விலை, பேங்க் விவரம் எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரு நகல். பெட்டி மட்டும் நிரம்பாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் எனக்குத் தெரிந்திருக்காது.

கணக்கு மூடிய கதையும் பாதிதான். பாஸ்வேர்டை மட்டும் பூட்டியிருக்கிறார். அது எஸ்எஸ்எச் சாவியை, அதாவது பாஸ்வேர்டு இல்லாமலே தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் சாவி ஃபைலை, தடுக்காதாம். அனுமதித்த சாவிகளின் பட்டியலான ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் அவர் சாவி அப்படியே கிடந்தது, சர்வரில் எதையும் மாற்ற அதிகாரமுள்ள சூடோ குழுவில் பெயரும் இருந்தது. யூசர்மாட் என்ற கட்டளை போட்டுக் கணக்கையே காலாவதியாக்கினால்தான் சாவியும் செல்லாமல் போகும்.

ஆத்திரத்தில் கணக்கையே அழிக்கும் யூசர்டெல் மைனஸ் ஆர் கட்டளையை அடிக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டான். "மாமா, அவர் ஹோம் ஃபோல்டரும் சர்வரில் இருக்கிற மெயில் பெட்டியும் சேர்ந்து அழிஞ்சிடும். அப்புறம் எதைக் காட்டிப் புகார் கொடுப்பீங்க?" முதலில் எல்லாவற்றையும் பென்டிரைவில் நகல் எடுத்தோம். மெயில் போய்வந்த பதிவான மெயில் லாகில் ஒவ்வொரு மெயிலும் அவருக்குப் போனது வரிவரியாக இருந்தது, ஆனால் சுமார் நான்கு வாரத்துக்குத்தான். அதற்கு முந்தியது தானாக அழிந்துபோயிருந்தது. பிறகுதான் ஏலியாசஸ் ஃபைலில் அவர் முகவரியை மட்டும் நீக்கி நியூஏலியாசஸ் என்ற கட்டளையை ஓட்டினோம். அதை ஓட்டாவிட்டால் மெயிலைக் கையாளும் போஸ்ட்ஃபிக்ஸ் புரோகிராம் பழைய பட்டியலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

போலீஸ் ரிப்போர்ட் செய்தாயிற்று. அவர் போன் எடுப்பதில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று கடைக்கு அவர்தான் சர்வர் பார்க்கிறாராம். உங்கள் கடையும் அதில் ஒன்றாக இருந்தால், ஏலியாசஸோடு ஒவ்வொருவர் ஹோமிலும், வரும் மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் டாட் ஃபார்வர்டு ஃபைல் இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள்.