வேக ஆர்.சி. விமானம்: எலவானா, எலிவேட்டரா, வி-டெயிலா?

மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும் ஆர்.சி. (ரேடியோவால் இயக்கும்) மாடல் ஒன்றைக் கட்டப் போகிறீர்கள். மோட்டாரும் பேட்டரியும் முடிவாகிவிட்டன. இறக்கையிலும் வாலிலும் எந்தெந்த மடல்கள் அசைய வேண்டும் என்பதுதான் பாக்கி. வேக மாடல்களில் மூன்று ஏற்பாடுகள் திரும்பத் திரும்ப வரும். ஏற்ற இறக்கம், சாய்வு இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் இரண்டே எலவான் மடல்களோடு, வாலில்லாத முக்கோண இறக்கை டெல்டா ஒன்று. இறக்கையில் விமானத்தைச் சாய்க்கும் எய்லரான், வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் என்ற பழைய முறை இன்னொன்று. எய்லரானோடு, V வடிவில் சாய்ந்த இரண்டு துடுப்புள்ள வி-டெயில் மூன்றாவது. ஜெட் போர் விமானங்களின் நகல்களில் டெயிலரான் என்ற நான்காவதும் உண்டு.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மடலுக்கு ஒரு வேலைதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு மடலுக்கும் பக்கத்திலேயே அதற்கென ஒரு சர்வோ (மடலை அசைக்கும் சின்ன மோட்டார்) இருக்க வேண்டும். இப்படிப் பார்த்தால் தனித்தனி சர்வோ உள்ள இரண்டு எய்லரான், ஒரு எலிவேட்டர், ரடர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் மடல்) கிடையாது என்ற ஏற்பாடுதான் என் தேர்வு. மற்றவை மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவை வேறு எதையோ மிச்சப்படுத்தப் பிறந்தவை.

எதை வைத்து எடை போடுகிறோம் என்பதைப் பார்த்துவிடலாம். வேகம் இரண்டு மடங்கானால் மடலின் மேல் காற்றின் விசை நான்கு மடங்காகும். நல்லவேளையாக அந்த வேகத்தில் மடல் அதிகம் திரும்ப வேண்டியதில்லை. சில மில்லிமீட்டர் அசைவே போதும். அதனால் சர்வோவின் பலத்தைவிட இணைப்பில் இருக்கும் ஆட்டம்தான் பெரிய தலைவலி. சர்வோ பல்சக்கரத்தில் கொஞ்சம், புஷ்ராட் (சர்வோவை மடலோடு இணைக்கும் கம்பி) நுழையும் ஓட்டையில் கொஞ்சம், கீலில் கொஞ்சம் என்று லொடலொடப்பு சேர்ந்துவிட்டால், மடல் நடுநிலையில் நிற்காமல் காற்றில் துடிக்க ஆரம்பிக்கும். அந்தத் துடிப்பு இறக்கையின் வளைவோடும் முறுக்கோடும் ஒத்துப்போய்விட்டால் அதுதான் ஃபிளட்டர். காற்றே அதற்குச் சக்தி ஊட்டுவதால் அது தானாக அடங்காது. சில நொடிகளில் சர்வோவின் பல் உடையும், அல்லது மடலே பிய்ந்து போகும். மேலே ஏதோ ரீங்காரம் கேட்டால் உடனே த்ராட்டிலை மூடி, மூக்கை மெதுவாகத் தூக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். இறக்கிய பிறகு கீல், ஹார்ன் (மடலில் புஷ்ராட் மாட்டும் கொம்பு), சர்வோ எல்லாவற்றையும் பார்க்காமல் மறுபடி ஏற்றவே கூடாது.

சரி, எலவானுக்கு வருவோம். மல்டிபிளக்ஸ் நிறுவனத்தின் ஃபன்ஜெட் இதற்கு நல்ல உதாரணம். 795 மில்லிமீட்டர் இறக்கை, பின்னால் தள்ளும் மோட்டார், இரண்டு சர்வோ, இரண்டு எலவான், ரடர் கிடையாது. ஃபோம் மாடலில் வேகம் வேண்டுமென்றால் பலரும் முதலில் தொடுவது இந்த மாதிரிதான். எடை குறைவு, வேலை குறைவு, விழுந்தாலும் ஒட்டிவிடலாம். சர்வோவுக்கும் மடலுக்கும் நடுவே நான்கு விரல்கடை கம்பிதான்; அது நேராகவும் போகும். இந்த ஒரு விஷயத்தில் எலவான் எல்லோரையும் முந்துகிறது.

சிக்கல் அந்த மடலின் தலையில் இரண்டு வேலை விழுவதில்தான் தொடங்குகிறது. டிரான்ஸ்மிட்டர் எலிவேட்டர் சிக்னலையும் எய்லரான் சிக்னலையும் கலந்து இரண்டு சர்வோவுக்கும் அனுப்புகிறது. ஸ்டிக்கை மூலையில் தள்ளினால் ஒரு மடலுக்கு இரண்டு கட்டளையும் கூடும், மற்றதில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கூடுகிற பக்கம் சர்வோ தன் எல்லையில் முட்டி நின்றுவிட்டால், நீங்கள் கேட்ட திருப்பம் ஒன்று, கிடைப்பது வேறு. அதனால் இந்தக் கலப்பில் (மிக்ஸிங்) ஒவ்வொன்றையும் ஏறக்குறைய பாதி அளவோடு நிறுத்துவது வழக்கம். அடுத்து, இரண்டு சர்வோவும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். ஒன்று சற்று மந்தமாக இருந்தாலும் மூக்கைத் தூக்கும்போதெல்லாம் விமானம் ஒரு பக்கம் சாயும். ஒரு சர்வோ செத்துப்போனால் ஏற்ற இறக்கமும் சாய்வும் சேர்ந்தே கெட்டுவிடும்.

இதைவிடப் பெரிய விலை திருப்பத்தில் வருகிறது. வாலில்லாத விமானத்தில் எலவானுக்கும் சி.ஜி.க்கும் (ஈர்ப்பு மையத்துக்கும்) நடுவே உள்ள தூரம் குறைவு. மூக்கைத் தூக்க மடல் நிறைய மேலே போக வேண்டும். அப்படிப் போகும்போது இறக்கை தன் தூக்குவிசையையே கொஞ்சம் தின்றுவிடும், இழுவையும் கூடும். நேர்கோட்டில் சீறிப் போன டெல்டா ஒரு இறுக்கமான திருப்பத்துக்குப் பிறகு சோர்ந்து வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். போதாக்குறைக்கு, நேராகப் பறக்கவே மடல்கள் ஓரிரு மில்லிமீட்டர் மேல்நோக்கி இருக்க வேண்டும். சி.ஜி.யை முன்னால் தள்ளத் தள்ள இது கூடும். பின்னால் கொண்டுபோனால் இழுவை குறையும். ஆனால் விமானம் அடங்காத குதிரையாகிவிடும். தேஜஸும் மிராஜ் 2000-மும் எலவானோடுதானே பறக்கின்றன என்று கேட்கலாம். அவற்றில் விமானியின் கைக்கும் மடலுக்கும் நடுவே ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது. நம் மாடலில் கைரோ (விமானத்தின் ஆட்டத்தை உணர்ந்து மடலைத் திருத்தும் கருவி) போட்டால் கொஞ்சம் ஒப்பேற்றலாம். ஆனால் கெயினை (அது திருத்தும் வேகத்தை) கூட்டி வைத்தால் அதிவேகத்தில் கைரோவே மடலை அதிர வைக்கும்.

எய்லரானும் எலிவேட்டரும் பிரிந்த ஏற்பாட்டில் இந்தக் கணக்கு தலைகீழ். வால் தூரத்தில் இருப்பதால் சின்ன அசைவிலேயே வேலை முடியும். பைலான் ரேஸில் இது எவ்வளவு உதவும் என்பது பந்தயத்தின் அமைப்பிலேயே தெரியும். எஃப்3டி வகையில் மூன்று கம்பங்களைச் சுற்றி பத்துச் சுற்று, மொத்தம் சுமார் 4 கிலோமீட்டர், எல்லாத் திருப்பமும் இடதுபக்கம். ஒவ்வொரு கம்பத்திலும் விமானம் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு எலிவேட்டரை நம்பித்தான் திரும்புகிறது. அங்கே திருப்பத்துக்குத் திருப்பம் வேகத்தை இழக்கும் விமானத்துக்கு வேலையில்லை.

எய்லரானுக்கு இரண்டு சர்வோ என்று நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. நடுவில் ஒரே சர்வோ வைத்து, வளைந்த கம்பிகளால் இரண்டு பக்கமும் முறுக்கும் முறை பழைய பால்ஸா மாடல்களில் சாதாரணம். எடையும் காசும் மிச்சம்தான். ஆனால் அந்தக் கம்பியே முறுக்குச் சுருள்போல வேலை செய்யும். வேகத்தில் எய்லரானின் நுனி நீங்கள் சொல்வதைக் கேட்காது. தனி சர்வோ, தனி சேனல் என்று வைத்தால் இறங்கும்போது இரண்டு எய்லரானையும் ஐந்தாறு மில்லிமீட்டர் மேலே தூக்கி பிரேக் மாதிரி பயன்படுத்தலாம். வேக மாடல் ஓட்டுபவர்களுக்கு ஏறுவதைவிட இறக்குவதுதான் பாடு. வழுக்கிக்கொண்டே மைதானத்தைத் தாண்டிப் போய்விடும். எலிவேட்டரில் கொஞ்சம் ஈடு கலக்க மறக்காதீர்கள். மேலே தூக்குவதற்குப் பதிலாகக் கீழே இறக்கி ஃபிளாப்பாக்க நினைத்தால், மெல்லிய இறக்கையின் நுனி முதலில் ஸ்டால் ஆகி (தூக்குவிசை இழந்து) விமானம் சட்டென்று புரளும்.

இதற்கும் குறை இருக்கிறது. இறக்கை முறுக்குக்கு இளகலாக இருந்தால், எய்லரான் கீழே போகும்போது இறக்கையின் பின்விளிம்பு மேலே தள்ளப்பட்டு மொத்த இறக்கையும் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். ஒரு வேகத்துக்கு மேல் வலது கொடுத்தால் இடது வரும். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்திலேயே இந்தத் தொல்லை வந்து இறக்கையை விறைப்பாக்க வேண்டியிருந்தது. ஃபோம் இறக்கைக்குள் ஒரு கார்பன் குழாய் மட்டும் செருகினால் வளைவு நிற்கும், முறுக்கு நிற்காது. மேல்தோலில் கண்ணாடி நாரோ கார்பன் துணியோ வேண்டும்.

ரடர் ஏன் வேண்டாம்? வேகத்தில் அதற்கு வேலை இல்லை. நிலையான செங்குத்துத் துடுப்பு விமானத்தை நேராக வைத்துக்கொள்ளும். ரடர் இருந்தால் ஃபிளட்டர் வர இன்னொரு இடம், ஆட்டம் வர இன்னொரு கீல். சக்கரத்தில் ஓடி ஏறும் ஜெட் என்றால் மட்டும் கணக்கு வேறு.

வி-டெயிலைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு: மூன்று துடுப்புக்குப் பதில் இரண்டு, அதனால் இழுவை குறைவு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சாய்ந்த துடுப்பின் ஏற்ற இறக்கப் பலன் சாய்வுக் கோணத்தின் கொசைன் வர்க்கமாகவும், பக்கவாட்டுப் பலன் சைன் வர்க்கமாகவும் குறையும். இரண்டையும் கூட்டினால் ஒன்று; ஆக, சாதாரண வாலுக்குத் தேவையான மொத்தப் பரப்பளவு இங்கும் தேவை. மிச்சமாவது உடலோடு சேரும் ஒரு மூலை. அதற்கு மேல் ஒரு நல்ல விஷயம், வயிற்றால் இறங்கும்போது வால் புல்லில் மாட்டாது. மலைச்சரிவில் பறக்கும் எஃப்3எஃப் கிளைடர்களில் வி-டெயில் இவ்வளவு பரவியதில் இதற்கும் பங்கிருக்கும் என்பது என் ஊகம்.

எதிர்ப்பக்கத்தில், மிக்ஸிங் தொல்லை மறுபடி வரும். ரடர் கொடுத்தால் வி-டெயில் விமானத்தை எதிர்த்திசையில் உருட்டப் பார்க்கும். அதனால் வேக மாடலில் ரடர் மிக்ஸையே விட்டுவிட்டு, எலிவேட்டராக மட்டும் ஓட்டுவது புத்திசாலித்தனம். முழு அளவு விமானங்களில் 1947-இல் வந்த பீச்கிராஃப்ட் பொனான்ஸாவின் வி-வால் பேர்போனது. அது காற்றில் உடைந்த விபத்துகளுக்குப் பிறகு, 1980-களில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வாலின் அடிப்பகுதியை வலுப்படுத்த உத்தரவிட்டது. மாடலிலும் பலவீனமான இடம் அந்த அடிப்பகுதிதான். மோல்டில் வார்த்த கார்பன் உடல் என்றால் பயமில்லை. ஃபோம் உடலில் வெறும் பசையால் ஒட்டிய வி-டெயிலோடு முழு த்ராட்டில் கொடுக்க எனக்குத் தைரியம் போதாது.

டெயிலரானில் கிடைமட்ட வால் முழுவதுமே திரும்பும். இரண்டு பக்கமும் சேர்ந்து திரும்பினால் ஏற்ற இறக்கம், எதிரெதிராகத் திரும்பினால் சாய்வு. டொர்னாடோ போர் விமானத்தில் எய்லரானே கிடையாது, டெயிலரானும் இறக்கை மேல் ஸ்பாய்லரும்தான். முழுதும் அசையும் வால் உண்மையில் ஒலிவேகத்துக்கு அருகே, அதிர்வலையால் சாதாரண எலிவேட்டர் செயலிழக்கும் இடத்துக்கு வந்த மருந்து. நாம் அந்த ஊருக்கே போவதில்லை. மோட்டாரே இல்லாத கிளைடர் ஒன்று 2021-இல் கலிஃபோர்னியாவில் மணிக்கு 882 கிலோமீட்டர் தொட்டது. அதுவே ஒலிவேகத்தின் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. 200-இல் பறக்கும் மாடலுக்கு டெயிலரான் அழகுக்குத்தான். அதன் ஒற்றை அச்சில் வரும் ஆட்டமோ மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்து.

எதைத் தேர்ந்தாலும் ஹார்ன் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இணைப்பில் 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், 10 மில்லிமீட்டர் ஹார்னில் அது மடலில் சுமார் 1.7 பாகை. 20 மில்லிமீட்டர் ஹார்னில் பாதிதான். சர்வோ கையில் உள்பக்க ஓட்டை, ஹார்னில் வெளிப்பக்க ஓட்டை. அப்போது சர்வோ தன் முழு வீச்சையும் பயன்படுத்தும், பிடிப்பும் கூடும். இதைச் செய்யாமல் டிரான்ஸ்மிட்டரில் வீச்சை 30 சதவீதமாகக் குறைத்து ஓட்டுபவர்கள் நிறையப் பேர். சர்வோவின் நுணுக்கத்தில் பெரும்பகுதியைத் தூக்கி எறிகிறார்கள். கீல் இடைவெளியை மெல்லிய டேப்பால் மூடிவிடுங்கள்.

கையில் ஏற்கெனவே ஒரு ஃபோம் டெல்டா இருந்தால், அதை விற்றுவிட்டு வாலுள்ள விமானம் தேடி ஓட வேண்டாம். புஷ்ராடை 2 மில்லிமீட்டர் கம்பியாக மாற்றி, இரண்டு மெட்டல் கியர் சர்வோ போட்டு, ஹார்னை நீளமாக்கினாலே அது வேறு விமானம். புதிதாக வாங்குபவருக்கோ பைலான் பக்கம் போக நினைப்பவருக்கோ மட்டும்தான், வாலுள்ளதாகப் பாருங்கள் என்பேன்.