வண்டிக் குதிரைக்கு வாய்க்கம்பியா, மூக்குப்பட்டையா?

ஒற்றைக் குதிரை வண்டியை வாய்க்கம்பி வைத்த கடிவாளத்தில்தான் ஓட்டப் பழகினேன். இப்போது கம்பி இல்லாத, மூக்கைச் சுற்றிய பட்டையால் குதிரைக்குக் குறிப்புக் கொடுக்கும் கடிவாளத்தில் ஓட்டுகிறேன், திரும்பிப் போகும் எண்ணமில்லை. ஆகவே கீழே வருவது நடுநிலைத் தீர்ப்பு அல்ல. மாறுவதற்கு முன் நான் தேடிப் படித்ததில் பெரும்பகுதி சவாரிக்காரர்கள் எழுதியது. வண்டிக்கு அது அப்படியே ஒத்துவராது. முதுகில் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பும் தொடையும் குதிகாலும் உதவிக்கு இருக்கின்றன. வண்டிக்காரருக்கு இருப்பதோ குரல், சாட்டை, சுமார் 4 மீட்டர் நீளமுள்ள இரண்டு வார்கள். நான் எதை வாங்கினேன் என்பதை முடிவுசெய்தது அந்த வார்களின் நீளம்தான்.

முதலில் வலி விஷயத்தை முடித்துவிடலாம். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஈறு இருக்கிறது. கம்பி உட்காருவது அங்கேதான். எலும்பின் மேல் மெல்லிய சவ்வு மட்டும்தான் பாதுகாப்பு. பின்லாந்தில் வண்டிப் பந்தயம் முடித்து வந்த 261 குதிரைகளின் வாயைப் பரிசோதித்து 2019-இல் வெளியான ஆய்வில், 84 சதவீதக் குதிரைகளுக்குக் கம்பி படும் இடத்தில் புதுக் காயம் இருந்தது. பந்தயம் ஓட்டும் கை வேறு, நிதானமாக உலாப் போகும் கை வேறு என்பதும் உண்மைதான். நல்ல கையில் சாதாரணக் கம்பி ஆண்டுக்கணக்கில் ஒரு சிராய்ப்பும் இல்லாமல் ஓடும்.

மூக்குப்பட்டை என்றால் வலியே கிடையாது என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். மூக்கெலும்பு கீழே வரவர மெலிந்து கூர்நுனியாக முடிகிறது. அதற்குக் கீழே குருத்தெலும்பும் மென்தசையும்தான். பட்டை அங்கே இறங்கிவிட்டால் வலிப்பதோடு மூச்சும் முட்டும். கன்ன எலும்பின் விளிம்பு முடியும் இடத்திலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே பட்டை நிற்க வேண்டும். கம்பியோ பட்டையோ, முரட்டுக் கையில் இரண்டும் ஆயுதம். இந்தக் கணக்கில் நான் மூக்குப்பட்டைக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் போடுவேன், அவ்வளவுதான். (வாயில் ஒன்றும் இல்லாமல் வண்டி ஓட்டுவது என்ன புதுப் பழக்கம் என்று கேட்பவர்கள் உண்டு. கி.மு. 2500 வாக்கில் மெசபொட்டேமியாவின் உர் நகரத்தில் செய்யப்பட்ட சித்திரப் பெட்டியில், போர்வண்டி இழுக்கும் கழுதையின விலங்குகளுக்கு வார் போவது மூக்கு வளையத்திலிருந்துதான். அது கம்பியைவிடக் கொடியது. புதுசு இல்லை என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.)

அப்புறம் எல்லோரும் கேட்கும் கேள்வி: கம்பி இல்லாமல் நிற்குமா? ஐந்நூறு கிலோ குதிரை ஓட முடிவுசெய்துவிட்டால் எந்தக் கம்பியும் அதை நிறுத்தாது. மிரண்டு ஓடும் குதிரைக்கு வாயில் வலி சேர்ந்தால் இன்னும் வேகமாக ஓடவும் கூடும். சவாரியில் அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது, ஒரு பக்க வாரை இழுத்துத் தலையை வளைத்து வட்டமாகச் சுற்றவைத்து நிறுத்துவார்கள். வண்டியில் அதைச் செய்தால் பக்கத் தண்டு குதிரையின் விலாவில் குத்தும், வண்டி கவிழும். எனவே வண்டிக் குதிரை நேர்கோட்டில், குரலுக்கு நிற்கப் பழகியிருக்க வேண்டும். இறக்கத்தில் வண்டியைத் தாங்கிப்பிடிப்பதும் வாய் அல்ல, குதிரையின் பின்புறத்தைச் சுற்றிப் போகும் பின்பட்டைதான். குதிரை அதில் சாய்ந்து எடையைத் தாங்க வேண்டுமென்றால் தலைக்குச் சுதந்திரம் வேண்டும். வார் தளர்ந்திருக்கும்போது சொல்லுக்கு நிற்காத குதிரையை எந்தக் கடிவாளத்தோடும் நான் வண்டியில் பூட்ட மாட்டேன். ஆக, பிரேக் என்ற கணக்கில் இரண்டும் சமம்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று. நீங்கள் கையைத் தளர்த்தியதும் குதிரையின் முகத்தில் அழுத்தம் எவ்வளவு சீக்கிரம் மறைகிறது? குதிரை கற்றுக்கொள்வது இழுப்பதால் அல்ல, இழுத்தது விடுபடும் கணத்தால். சரியாகச் செய்த நொடியில் அழுத்தம் போய்விட்டால் அதற்குப் புரிகிறது. அரை நொடி தாமதமானால் குழம்புகிறது. அழுத்தம் போகவே இல்லையென்றால் முகத்தை மரக்கட்டை ஆக்கிக்கொண்டு அதன்மேல் சாய்ந்து நடக்கப் பழகிவிடும்.

சவாரியில் வார் குட்டை, கையிலிருந்து நேராக வாய்க்குப் போகிறது. வண்டியில் அதே வார் முதுகுச்சேணத்தின் வளையங்கள் வழியாக நுழைந்து, முதுகு நெடுக உராய்ந்து கைக்கு வருகிறது. நீங்கள் ஒன்றுமே செய்யாதபோதும் வாரின் எடை முகத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். நனைந்த தோல் வார் என்றால் இன்னும் கூடுதல். இந்தச் சிறு எடை கம்பியை அவ்வளவாகப் பாதிக்காது. கம்பியின் வளையம் தன் எடையிலேயே பழைய இடத்துக்கு வந்து விழும், குதிரையும் நாக்கால் அதை ஏந்தி வைத்துக்கொள்ளும். வண்டிக்கு அதிகம் போடும் லிவர்பூல் கம்பியில் இருபக்கமும் நெம்புகோல் தண்டும் தாடைக்கு அடியில் சங்கிலியும் இருக்கும். அதில் வாரை மேல் வளையத்தில் மாட்டினால் நெம்புகோல் வேலையே இல்லை, கீழ்த் துளைக்கு இறக்க இறக்கத்தான் தாடைச் சங்கிலி இறுகும். விடுபடும் வேகத்தில் சாதாரணக் கம்பியை அடிக்க ஆளில்லை. கம்பிக்காரர்கள் ‘கட்டுப்பாடு, கட்டுப்பாடு’ என்று வாதிடுவதை விட்டுவிட்டு இதைச் சொன்னால் நான் தலையாட்டுவேன்.

கம்பி இல்லாதவற்றில் எல்லாம் ஒரே ரகம் அல்ல. தாடைக்குக் கீழே பட்டைகள் குறுக்காகப் போய் எதிர்க் கன்னத்தை அணைத்துத் தள்ளும் வகை சவாரிக்காரர்களிடம் பிரபலம், திருப்பும் குறிப்பும் அதில் தெளிவு. வண்டியில்தான் சிக்கல். இழுத்தால் இறுகுகிற பட்டை, விட்டால் வளையத்தில் வழுக்கித் தளர வேண்டும். வாரின் எடை அதைத் தளர விடாமல் பிடித்துக்கொள்ளும், வியர்வை பட்ட பட்டை இன்னும் ஒட்டிக்கொள்ளும். இருபுறமும் நெம்புகோல் வைத்த ஹாக்கமோர் நிறுத்துவதற்குப் பலமானது. ஆனால் ஒரு பக்கம் இழுத்தால் முழு முகமும் இறுகிவிடுவதால் திருப்புவதற்கு மந்தம். காலால் திருப்ப முடியாத வண்டிக்காரருக்கு அது ஆகாது.

மிச்சமிருப்பது சைடுபுல். மூக்குப்பட்டையின் இரு பக்கத்திலும் வளையம், வார் நேராக அதில். இறுக எதுவும் இல்லை, வழுக்க எதுவும் இல்லை. கை தளர்ந்தால் அழுத்தமும் தளர்கிறது. நான் எடுத்தது இதைத்தான். கூடவே தோல் வாரை மாற்றி இலேசான நாடா வார் போட்டேன். கம்பியைக் கழற்றியதைவிட இந்த வார் மாற்றம்தான் குதிரையிடம் அதிக வித்தியாசம் காட்டியது என்றுகூடத் தோன்றுகிறது.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். குதிரைக்குக் கடிவாளமும் சேணமும் போட்டு, வாரை வளையங்களில் கோத்து, வண்டி பூட்டாமல் நீங்கள் வண்டியில் உட்காரும் தூரத்தில் பின்னால் நில்லுங்கள். இன்னொருவர் மூக்குப்பட்டைக்கு அடியில் விரலை நுழைத்துக்கொள்ளட்டும். நீங்கள் இழுத்து, விட்டு, அவர் ‘போச்சு’ என்று சொல்லும் வரை கவனியுங்கள். உங்கள் கை விட்டதற்கும் அவர் வாய் திறப்பதற்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அந்தக் கடிவாளம் வண்டிக்கு வேண்டாம்.

சைடுபுல்லிலும் ஒரு தொல்லை உண்டு, கண்மறைப்பு. ஒரு பக்கம் இழுக்கும்போது மூக்குப்பட்டை கொஞ்சம் சுழல்கிறது, எதிர்ப்பக்கக் கன்னப்பட்டை கண்ணை நோக்கி நகர்கிறது. சவாரியில் அது வெறும் பட்டை, கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் கொஞ்சம் எரிச்சல். வண்டியில் அந்தப் பட்டையில்தான் கண்மறைப்பு தைத்திருக்கும். ஒருபுறம் கண்ணில் அழுந்தும், மறுபுறம் விலகி, பின்னால் சுழலும் சக்கரத்தைத் திடீரென்று காட்டும். இரண்டுமே ஆபத்து. மூக்குப்பட்டை விறைப்பாக இருக்க வேண்டும், கன்னப்பட்டைகளைத் தாடைக்கு நடுவில் பிடித்துக்கொள்ள இன்னொரு பட்டை வேண்டும். அந்தப் பட்டை கடிவாளம் தலையிலிருந்து நழுவாமலும் காக்கும். வண்டியில் பூட்டிய குதிரை தலையைத் தண்டில் தேய்த்துக் கடிவாளத்தை உருவிப்போட்டால் அப்புறம் கையில் ஒன்றுமே இல்லை.

பராமரிப்பில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கம்பியைக் கழுவ வேண்டும், பட்டையில் வியர்வை உப்பு படிந்து விறைக்காமல் துடைக்க வேண்டும். மாறுவதும் ஒரே நாளில் ஆகிற காரியம் அல்ல. முதலில் கையில் பிடித்து நடத்தி, பின்னால் நடந்தபடி நீண்ட வாரில் ஓட்டி, அப்புறமே வண்டி. இடையில் கம்பியையும் பட்டையையும் சேர்த்தே போட்டு இரண்டு ஜோடி வார் பிடிப்பவர்களும் உண்டு. கை பழகும் வரை அது குழப்பம், ஆனால் பாதுகாப்பு.

போட்டிக்குப் போகிறவர்கள் விதிப் புத்தகத்தை முதலில் பாருங்கள். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பே சவாரியில் தடைதாண்டலுக்குக் கம்பி இல்லாததை அனுமதித்து, டிரெஸாஜ் என்ற நுட்பமான நடைப் போட்டிக்குக் கம்பியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரு பிரிவில் செல்லுபடியாவது இன்னொன்றில் செல்லாது. தலையை மடித்து, ஒவ்வொரு அடியையும் அளந்து வைக்கும் நுட்பமான ஓட்டத்துக்குக் கம்பியின் மெல்லிய பேச்சு தேவைப்படலாம். நான் அந்த அளவுக்கு ஓட்டியதில்லை.

இரட்டைக் குதிரை வண்டி பற்றி இன்னும் தயக்கத்தோடுதான் சொல்வேன். அதில் ஒவ்வொரு வாரும் கிளைபிரிந்து இரண்டு குதிரைகளுக்கும் போகிறது, உள்பக்க வார் எதிர்க்குதிரையின் முகத்துக்குக் குறுக்காகச் செல்கிறது. அந்தச் சாய்ந்த இழுப்பு மூக்குப்பட்டையை எப்போதும் ஒருபுறமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும் என்று கணக்குப் போடத் தெரிகிறது. நண்பர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன், வாரைப் பிடித்ததில்லை. ஜோடிக்கு என்னிடம் யாராவது கேட்டால், இப்போதைக்கு மேல் வளையத்தில் வார் மாட்டிய சாதாரணக் கம்பியையே சொல்வேன்.