மக்கள் பிரதிநிதிக்குத் தபாலா, மின்னஞ்சலா, போனா?

நாளை மறுநாள் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறதென்றால் தபாலை நம்பி இருக்காதீர்கள். அமெரிக்காவில் 2001-இல் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமியின் தூள் வைத்த கடிதங்கள் இரண்டு செனட்டர்களின் (மேலவை உறுப்பினர்களின்) அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டன. அந்தத் தாக்குதல்களில் 5 பேர் இறந்தார்கள். அதன்பிறகு அங்கே நாடாளுமன்றத்துக்கு வரும் தபால் கதிர்வீச்சால் கிருமிநீக்கம், சோதனை எல்லாம் தாண்டித்தான் உள்ளே போகிறது. தாமதம் நிச்சயம். இப்படிப்பட்ட நேரத்தில் போன்தான் சரி. பெயர், தொகுதி, எந்த மசோதா, ஆதரவா எதிர்ப்பா, இவ்வளவு சொன்னால் போதும். பேசுகிறவர் உதவியாளராகத்தான் இருப்பார். அவரிடம் வாதாடுவது வீண்.

ஆள்பலத்தைக் காட்ட வேண்டுமென்றால் இணைய மனு. பிரிட்டனில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் தருகிறது. 1,00,000 சேர்ந்தால் நாடாளுமன்ற விவாதத்துக்குப் பரிசீலிக்கிறார்கள். ஆனால் அதில் நீங்கள் ஒரு எண், அவ்வளவுதான்.

மின்னஞ்சல் வேகமானது, செலவில்லாதது. அதனாலேயே வந்து குவிகிறது. யாரோ எழுதித்தந்த வாசகத்தை ஆயிரம் பேர் அப்படியே அனுப்பினால், அலுவலகம் அதை ஒரே கட்டாகச் சேர்த்துவிட்டு ஒரே பதிலைத் திருப்பி அனுப்பிவிடும். நம் சொந்த வார்த்தையில் நாலு வரி எழுதினாலே நிலைமை மாறும்.

சரி, தபால் எதற்கு? ஓய்வூதியம் நின்றுபோனது, வீட்டுமனைப் பத்திரத்தில் தவறு, மகனின் விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடப்பில் கிடப்பது போன்ற சொந்தக் குறைகளுக்கு நான் தபாலைத்தான் சொல்வேன். கையெழுத்திட்ட கடிதமும் ஆவண நகல்களும் சேர்ந்து ஒரு கோப்பாகின்றன. பிரதிநிதி தன் குறிப்புடன் அதைத் துறைக்கு அனுப்ப முடியும். ஒப்புகை தரும் தபால் சேவையில் போட்டால் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியும் நம் கையில் இருக்கும். கனடாவில் எம்.பி.க்குக் கீழவை முகவரியிட்டு எழுதும் கடிதத்துக்குத் தபால்தலைகூட வேண்டாம். குடிமகன் எழுதுவதை ஒரு நாடு அவ்வளவு மதிக்கிறது என்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

எழுதும்போது ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம், ஒரு பக்கம். வீட்டு முகவரியைத் தலைப்பிலேயே முழுதாக எழுதுங்கள். நீங்கள் அந்தத் தொகுதிக்காரர் என்பதற்கு அதுதான் அடையாளம். பிரிட்டிஷ் எம்.பி.க்கள் மரபுப்படி தங்கள் தொகுதியினரின் குறைகளை மட்டுமே எடுப்பார்கள். அசல் ஆவணத்தை எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள். கையால்தான் எழுத வேண்டுமென்பதில்லை. எழுத்து புரியாதென்றால் தட்டச்சு செய்து, கையெழுத்தை மட்டும் பேனாவால் போடுங்கள். தொகுதியில் அலுவலகம் இருந்தால் தலைநகர முகவரியைவிட அங்கே அனுப்புவதே மேல்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லையா? அப்போது போனை எடுங்கள். “இன்ன தேதியில் தபாலில் ஒரு மனு அனுப்பியிருந்தேன்” என்று ஆரம்பியுங்கள். கடிதத்தின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.