கொலுசா, காசா, கட்டியா: தடைக்காலத்துக்கு எந்த வெள்ளி கைகொடுக்கும்?

சேமிப்பில் ஒரு பகுதியை வெள்ளியில் போடலாம் என்று முடிவானதும் எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: கொலுசு, காசு, கட்டி, டீமேட் கணக்கில் பங்கு போல வாங்கும், வெள்ளி விலையோடு ஏறி இறங்கும் ஈடிஎஃப். நான் எடுத்தது காசு. தங்கம் ஏன் இல்லை என்பவர்கள் இன்றைய சவரன் விலையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மண்டபம் பக்கம் விசைப்படகை நம்பிப் பிழைக்கும் வீடு எங்களுடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில்தான் கிடக்கும். அதே சமயத்தில்தான் படகு மராமத்து, வலைச் செலவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அப்போது எது சுலபமாகப் பணமாகும் என்பது மட்டுமே என் கணக்கு. வேறு தொழிலில் இருப்பவர்களுக்கு விடை மாறலாம்.

வெள்ளியை அவசரத்துக்கு விற்பதில் ஒரு சிக்கல் உண்டு: விலை நிலையாக நிற்காது. முன்பு வெள்ளிதான் பணம். 1835-ல் வந்த கம்பெனி ரூபாய் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. யாரும் வெள்ளியை நாணயச்சாலையில் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். 1870-களில் ஜெர்மனி முதலான நாடுகள் தங்கத்துக்கு மாறின, அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி வந்து குவிந்தது, விலை சரிந்தது. 1893-ல் பிரிட்டிஷ் அரசு அந்த வழியை அடைத்தது. பிறகு வெள்ளி வெறும் சரக்கு. ஃபிலிம் சுருளுக்குப் போனது. டிஜிட்டல் கேமரா வந்ததும் அந்தத் தேவை சுருங்கியது. இப்போது சோலார் பலகைக்கும் மின்னணுச் சாமான்களுக்கும் போகிறது. தேவையில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளுடையது என்பதால் விலை தங்கத்தைவிட அதிகமாகத் துள்ளும். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது, மார்ச் கடைசியில் 11 டாலருக்கும் கீழே இறங்கியது. 2011-லும் கிட்டத்தட்ட அதே கூத்துதான். 2025 அக்டோபரில் 50-ஐத் தாண்டியது. தடைக்காலம் விலை ஏறிய நேரத்தில்தான் வரும் என்று யார் சொன்னது? அதனால் விற்காமல் அடகு வைக்க முடிகிற வெள்ளிதான் எங்களுக்கு வேண்டும்.

இங்கேதான் காசு முந்துகிறது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நடைமுறைப்படுத்த வைத்த கெடு 2026 ஏப்ரல் 1. அதன்படி ஒருவர் வெள்ளி நகை 10 கிலோ வரை, வெள்ளிக் காசு 500 கிராம் வரை ஈடு வைக்கலாம். கட்டிக்குக் கடன் கிடையாது, ஈடிஎஃப்புக்கும் கிடையாது. இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். முந்தைய நாள் விலை, கடந்த 30 நாள் சராசரி இரண்டில் எது குறைவோ அதில்தான் மதிப்புப் போடுவார்கள். நான் இன்னும் வங்கியில் வெள்ளி வைத்துப் பார்க்கவில்லை. விதி இருப்பதும் நம்மூர்க் கிளையில் கொடுப்பதும் ஒன்றல்ல. வாங்குமுன் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கொலுசும் நகைதானே, அதையும் வைக்கலாமே என்றால், வைக்கலாம். ஆனால் மதிப்பு அதிலிருக்கும் வெள்ளிக்கு மட்டும். கல், எனாமல், பொடி வைத்துப் பற்றவைத்த இடம் எல்லாம் கழிந்துபோகும். வாங்கும்போது கொடுத்த செய்கூலி திரும்பாது. டச், அதாவது வெள்ளியின் சுத்தம், குறைந்த கொலுசுகள் நிறைய விற்கின்றன. ஹால்மார்க் வெள்ளிக்கு இன்னும் கட்டாயமில்லை. 2025 செப்டம்பர் முதல் ஹால்மார்க் வெள்ளிக்கும் ஹெச்யூஐடி எண், அதாவது ஒவ்வொரு பொருளுக்குமான தனி அடையாள எண், வந்திருக்கிறது, கேட்டு வாங்கினால் பாதித் தகராறு தீரும். மகளுக்குக் கொலுசு வாங்குங்கள், கால் நிறையப் போட்டு நடக்கட்டும். அதைச் சேமிப்பு என்று எழுதாதீர்கள்.

கட்டியில் கிராமுக்குக் கூலி குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய தொகையை வருடக்கணக்கில் தொடாமல் விட முடிகிறவர்களுக்கு அது சரி. எங்களுக்குத் தேவை பத்து, ஐம்பது கிராமாகப் பிரித்து எடுப்பது. கொலுசு, காசு, கட்டி எதை வாங்கினாலும் 3 சதவீத ஜிஎஸ்டி போனது போனதுதான். ஈடிஎஃப் 2022-ல்தான் இங்கே வந்தது. நான் வைத்திருந்ததில்லை, தெரிந்தவர்கள் விற்பது சுலபம் என்கிறார்கள். பூட்டி வைக்கும் கவலை இல்லை என்பது நிஜமான லாபம்.

பழைய ரூபாய்க் காசுகளை வாங்கி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ராஜா தலை இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 1940-லிருந்து ரூபாயில் பாதிதான் வெள்ளி, 1947 ரூபாய் வெறும் நிக்கல்.

கடற்கரையில் இன்னொரு தொல்லை கறுப்பு. ஒதுங்கிய பாசி அழுகும்போது கிளம்பும் கந்தக வாயு பட்டால் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். பல்பொடி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், கூடவே வெள்ளியும் கொஞ்சம் தேயும். அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சமையல் சோடாவும் வெந்நீரும் ஊற்றிக் கொலுசை முக்கினால் கறுப்பு தானாக விடும். காசைக் கடையில் கொடுத்த உறையைக் கிழிக்காமலே வைத்திருக்கிறேன். பில்லும் கூடவே இருக்கிறது, அடகு வைக்கப் போனால் யாருடைய பொருள் என்று முதலில் கேட்பார்கள்.