ஓப்பன்டிடிடி: பாலத்தில் வைக்க முடியாத சிக்னல்

"எட்டுப் பிளாட்பாரம் போட்டும் ரயில்கள் வெளியே வரிசை கட்டி நிற்கின்றனவே?" என்று, ரயிலும் பேருந்தும் ஓட்டிப் போக்குவரத்தை நடத்தும் கணினி விளையாட்டான ஓப்பன்டிடிடியை ஆடும் ஒரு நண்பர் கேட்டார். இந்தக் கோளாறு பெரும்பாலும் பிளாட்பாரத்தில் இருக்காது, தடங்கள் பிரிந்து சேரும் இடத்தில்தான் இருக்கும்.

உள்ளே வரும் பக்கம், தடம் பிரிவதற்குச் சற்று முன் ஒருவழிப் பாத் சிக்னல் (முன்னே உள்ள பாதை காலியாக இருந்தால் அதை ரயிலுக்கு ஒதுக்கி அனுப்புவது) ஒன்று போதும். வெளியேறும் பக்கம் ஒவ்வொரு பிளாட்பார முனையிலும் ஒன்று வேண்டும். தடங்கள் ஒன்றுசேர்ந்த பிறகு வரும் முதல் சிக்னலில்தான் பலரும் தவறுகிறார்கள். ரயில் 7 கட்ட (வரைபடத்தின் சதுரங்கள்) நீளம் என்றால், சேருமிடத்துக்கும் அந்தச் சிக்னலுக்கும் நடுவே 7 கட்டமாவது காலியாக இருக்க வேண்டும். 4 கட்டத்தில் வைத்தால், ரயில் அங்கே நிற்கும்போது அதன் வால் சேருமிடத்தை மறித்துவிடும். மற்ற பிளாட்பாரங்களிலிருந்து ஒன்றும் கிளம்பாது. நின்ற ரயில் வேகமெடுக்க நேரமாகும் என்பதால் எட்டுப் பிளாட்பாரத்துக்கு வெளியேறும் தடம் குறைந்தது இரண்டு இருக்கட்டும்.

பேருந்தில் ஆளேற்றி வந்து ரயிலுக்கு மாற்றுவதானால், பேருந்துக்குக் கொடுக்கும் ஆர்டரில் 'மாற்றிவிட்டுக் காலியாகக் கிளம்பு' என்பதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் இறக்கிய ஆட்களையே பேருந்து திரும்ப ஏற்றிக்கொண்டு போகும். பேருந்து நிறுத்தம் தள்ளி இருந்தால் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கட்டினால் ஸ்டேஷனோடு சேர்ந்துவிடும்.

இதெல்லாம் சரியாக அமைந்து ரயில்கள் தடங்கலின்றி ஓடுவதைப் பார்ப்பது தனிச் சுகம். எத்தனை ஆண்டு ஆடினாலும் அது குறைவதில்லை.

ஆனால் பாலம்! மூலப் பதிப்பில் பாலத்தின் மேலும் சுரங்கத்துக்குள்ளும் சிக்னல் வைக்க வழியே இல்லை. சமதளத்தில் இரண்டு கட்டத்துக்கு ஒரு சிக்னல் வைத்து நெருக்கமாக ஓட்டிய தடத்தில் 10 கட்டப் பாலம் ஒன்று வந்தால், முன்னே போகும் ரயிலின் வால் பாலத்தைக் கடக்கும்வரை அடுத்தது காத்திருக்க வேண்டியதுதான். ஒரு தடத்தின் கொள்ளளவு அதிலுள்ள மிகப் பெரிய சிக்னல் இடைவெளியைப் பொறுத்தது. மற்ற சிக்னல்களை எவ்வளவு நெருக்கினாலும் பயனில்லை. இதற்கு ஏற்றத்தில் குறையும் வேகமும் சேர்கிறது.

பிரதான தடத்தைத் தரையிலேயே நேராக விட்டு, கிளைத் தடத்தை மட்டும் மேலேற்றுவதே நல்லது. ஒற்றைத் தடத்தைக் கடக்க, இரு முனைகளையும் சேர்த்து 3 கட்டப் பாலம் போதும். நீளமான பாலம் தவிர்க்க முடியாததென்றால் பக்கத்திலேயே இன்னொன்று கட்டி, தடம் பிரியுமுன் பாத் சிக்னல் வையுங்கள். ரயில்கள் மாறி மாறிப் போகும். சேருமிடத்தில் மேலே சொன்ன ரயில் நீளக் கணக்கையும் மறக்க வேண்டாம்.

ஆறு கட்டத்தில் முடிய வேண்டிய வேலை இதனால் இருபது கட்டத்தை விழுங்குகிறது. ஜேஜிஆர் பேட்ச் பேக் என்ற, கூடுதல் வசதிகள் சேர்த்த மாற்றுப் பதிப்பில் பாலத்திலும் சுரங்கத்திலும் சிக்னல் வைக்கலாம். ஸ்டேஷன் அமைப்பைக் கற்க மூலப் பதிப்பைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. ஆனாலும் நண்பருக்கு இன்று ஜேஜிஆர் பதிப்பைத்தான் சொல்லியிருக்கிறேன்.