குரோம் மாதிரி மின்னும் பிளாஸ்டிக் வீல்: சில வருடம் ஓட்டிய பிறகு

பளபளவென்று குரோம் வீல் போட்ட பழைய கார் பார்க்கப் போனால், இன்ஜினைத் திறப்பதற்கு முன்னால் வீலை நகத்தால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். உலோகமாக இருந்தால் கெட்டியான சத்தம் வரும், நிழலில் நிற்கும் காரில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். என் காரில் இருப்பதைத் தட்டினால் காலி பிளாஸ்டிக் வாளியைத் தட்டுவதுபோல 'டொக்' என்றுதான் கேட்கும். கம்பெனியிலிருந்தே வந்த வீல்தான், போலி கிடையாது. இந்த வகை இப்படித்தான்.

வீல் முழுக்க பிளாஸ்டிக் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். அடியில் இருப்பது முறையான அலுமினிய வீல். பாரம் தாங்குவதும் நட்டு உட்காருவதும் டயரைப் பிடிப்பதும் அதுதான். அதன் முகத்தில் மட்டும் ஏபிஎஸ் வகை பிளாஸ்டிக்கில் ஒரு தோல் செய்து, அதற்குச் செம்பு, நிக்கல், கடைசியாகக் குரோமியம் என்று முலாம் ஏற்றி, பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிவிடுகிறார்கள். மேலே இருக்கும் குரோமியம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூட வராது, நாம் பார்த்து மயங்கும் பளபளப்பில் பெரும்பங்கு அதற்குக் கீழே இருக்கும் நிக்கலுடையது. சாதாரண வீல் கப் கிளிப்பில் மாட்டுவது, இழுத்தால் கையோடு வரும். இது வராது. வந்துவிட்டால் வீல் போச்சு என்று அர்த்தம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதிலும் நியாயம் இருக்கிறது. அலுமினியத்தின் மேல் நேரடியாகக் குரோம் ஏற்ற வேண்டுமானால் முதலில் வீலைக் கண்ணாடிபோல மெருகேற்ற வேண்டும், அது செலவு பிடித்த வேலை. தோல் ஒட்டும் முறையில் ஒரே அடி வீலை வைத்துக்கொண்டு நாலு விதமான முகம் காட்டலாம். நேரடிக் குரோம் வீலும் உத்தமம் இல்லை. பனிக்கு உப்பு தூவும் சாலையிலோ கடற்கரைப் பக்கமோ ஓடினால் அதுவும் புள்ளி விழுந்து செதில் செதிலாக உரியும். புதிதாக இருக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் வருடம் போகப் போகத்தான் தெரிகிறது.

எனக்கு முதலில் தெரிந்தது சத்தத்தில். சுவர் ஓரமாக, கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகத் திரும்பும்போது 'டிக்... டிக்...' என்று சக்கரம் சுற்றும் தாளத்திலேயே ஒரு சத்தம். டயரில் கல் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பிரேக் பேட், பேரிங், சஸ்பென்ஷன் என்று மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பார்த்தார், எல்லாம் நன்றாகவே இருந்தது. கடைசியில் அவரே வீலின் ஒரு ஸ்போக்கைக் கட்டைவிரலால் அழுத்தினார், ஒரு மயிரிழை உள்ளே போய் 'டிக்' என்று திரும்பி வந்தது. பசை விட்டிருந்தது.

பசை ஏன் விடுகிறது என்பதற்குச் சின்னக் கணக்கே போதும். ஒரு மீட்டர் அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 23 மைக்ரான் நீளும், ஏபிஎஸ் அதைப்போல மூன்று நாலு மடங்கு நீளும். 40 செ.மீ. குறுக்களவுள்ள வீல் பிரேக் சூட்டிலும் வெயிலிலும் 50 டிகிரி ஏறியது என்று வையுங்கள், அலுமினியம் அரை மில்லிமீட்டர் விரிகிற நேரத்தில் பிளாஸ்டிக் ஒன்றரை மில்லிமீட்டர் விரியப் பார்க்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் இழுபறியை நடுவில் இருக்கும் பசைதான் தினமும் தாங்க வேண்டும். மலைப்பாதையில் பிரேக் பிடித்து இறங்கி வந்த கையோடு குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் இன்னும் மோசம். மேலே இருக்கும் முலாம் பிளாஸ்டிக் அளவுக்கு விரியாது என்பதால் அதுவும் தன் பங்குக்கு மெல்லிய கோடாக விரிசல் விடுகிறது.

சத்தத்தோடு நின்றிருந்தால் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டியிருப்பேன். பசை விட்ட இடத்தில் தண்ணீர் போகிறது, போன தண்ணீர் சீக்கிரம் வெளியே வருவதில்லை. மழைக்கு மறுநாள் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் லேசாக நடுங்கும், கொஞ்ச தூரம் ஓடியதும் தானாகச் சரியாகிவிடும். பேலன்சிங் (வெயிட் வைத்துச் சக்கரத்தைச் சமன் செய்வது) போட்டால் அன்றைக்குச் சரி, அடுத்த மழைக்குப் பழையபடி. பேலன்சிங்கிலேயே இன்னொரு தொல்லை, வெளி விளிம்பில் தட்டி மாட்டும் ஈய வெயிட்டை இந்தத் தோலின் மேல் மாட்டக் கூடாது, உள்பக்கம் ஒட்டும் வெயிட் மட்டும்தான். அவசரத்தில் இருக்கும் டயர் கடையில் இதை நாம்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டயர் மாற்றும் மெஷினில் வீலை வெளிப்பக்கமாகக் கவ்வக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் காற்று. ஒரு டயரில் மட்டும் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்தது, பஞ்சர் எதுவும் இல்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் டயரும் ரிம்மும் சேரும் விளிம்பில் பொடிப் பொடியாக நுரை. டயரைக் கழற்றினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. தோல் ஒட்டாத சாதாரண அலாய் (அலுமினிய) வீலில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சீலர் தடவி மாட்டினால் பல வருடம் ஓடும். இதில் அந்த வெள்ளைப் பூப்பு விளிம்பைத் தாண்டி தோலுக்கு அடியிலும் போயிருக்கிறது, அங்கே பிரஷ் எட்டாது. துடைத்து மாட்டிய சில மாதத்தில் திரும்ப அதே கதை. அந்தப் பூப்பு பருக்கப் பருக்க தோலின் ஓரத்தையும் தூக்குகிறது, தூக்கிய ஓரம் இன்னும் தண்ணீரை உள்ளே விடுகிறது.

எனக்கு உண்மையாகவே எரிச்சல் வருவது இதைப் பழுது பார்க்க வழியே இல்லை என்பதில்தான். பார்க்கிங் செய்யும்போது நடைபாதைக் கல்லில் உரசாத கார் எங்கே இருக்கிறது? பெயின்ட் அடித்த அலாய் என்றால் தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து முடித்துவிடுவார்கள். இதில் உரசிய இடத்தில் முலாம் கிழிந்து பிளேடு மாதிரிச் சுருண்டு நிற்கும் (கழுவும்போது விரலைப் பதம் பார்த்திருக்கிறது, துணியோடு கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்), கீழே மங்கலான பிளாஸ்டிக் பல்லிளிக்கும். லேத்தில் கடைய முடியாது. பவுடர் கோட்டிங் போட ஏறக்குறைய 200 டிகிரி சூளையில் வைக்க வேண்டும், ஏபிஎஸ் 100 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும். வீல் ரிப்பேர் செய்பவர் தட்டிப் பார்த்ததுமே "இதை எடுத்துட்டுப் போங்க சார்" என்று சொல்லிவிட்டார். தோல் மட்டும் தனியாக வாங்கலாமா என்று கேட்டால் அப்படி ஒரு பாகமே கிடையாதாம், முழு வீல்தான் வாங்க வேண்டும். பழைய வீல் தேடினால் கிடைப்பதும் இதே வயது, இதே பசை.

அழகைக்கூட விடுங்கள். பள்ளத்தில் நன்றாக அடி வாங்கிய பிறகு சாதாரண அலாயைக் கழுவிப் பார்த்தால் விரிசல் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பு உண்டு. இதில் முகம் முழுக்கத் தோல் மூடியிருக்கிறது, அடியில் அலுமினியம் கீறியிருந்தாலும் மேலே குரோம் சிரித்துக்கொண்டே இருக்கும். அதனால் பெரிய அடி விழுந்தால் வீலைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்க்காமல் நான் வண்டியை எடுப்பதில்லை.

தோலை உரித்துவிட்டு ஓட்டினால் என்ன என்று நீங்கள் யோசிப்பது புரிகிறது, நானும் காற்று இறங்கிய வீலில் செய்து பார்த்தேன். ஹீட் கன் காட்டி, பிளாஸ்டிக் ஆப்பு வைத்து நெம்பினால் துண்டு துண்டாக வருகிறது. உள்ளே காய்ந்த பசைத் திட்டு, குழி குழியாக வார்ப்பு, மெருகு என்பதே இல்லாத சாம்பல் நிற ஸ்போக். யாரும் பார்ப்பதற்காகச் செய்த முகம் இல்லை அது. விளிம்பைச் சுத்தமாகத் தேய்த்த பிறகு காற்று நிற்கிறது, அதனால் ஸ்டெப்னியாக டிக்கியில் கிடக்கிறது.

மிச்சமிருப்பதை மிதமான சோப்பு, மெத்தென்ற துணி இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். அமிலம் கலந்த வீல் கிளீனரைக் கிட்டவே சேர்ப்பதில்லை, பிரஷர் வாஷரை ஓரங்களில் காட்டுவதில்லை. அடுத்த முறை டயர் மாற்றும்போது அதே அளவில் பெயின்ட் அடித்த சாதாரண அலாய்க்கு மாறப் போகிறேன். போல்ட் இடைவெளி, நடுத்துளை, ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு) மூன்றும் பொருந்துவதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

கூடவே நட்டையும் மாற்ற வேண்டும். இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் நட்டுக்கும் ஒரு பளபளப்பான தகட்டுத் தொப்பி போட்டிருப்பார்கள், அதற்கு அடியில் துருப்பிடித்தால் உப்பி, 19 மி.மீ. சாக்கெட் உள்ளே நுழையவே நுழையாது. நடுரோட்டில் பஞ்சர் ஆகி நிற்கும்போதுதான் இது தெரியவரும் என்பதால், காரில் இருக்கும் ஸ்பேனர் ஒவ்வொரு நட்டிலும் நுழைகிறதா என்று வீட்டில் நிற்கும்போதே பார்த்துவிடுங்கள். வாங்குவதானால் தொப்பி இல்லாத ஒரே துண்டு நட்டாக, மரையும் அடிப்பக்கச் சரிவும் புது வீலுக்குப் பொருந்துவதாக வாங்குங்கள்.