பணம் பிள்ளையோடு போகட்டுமா, பள்ளியில் இருக்கட்டுமா?

நானும் என் தங்கையும் ஒரே அரசுப் பள்ளியில் படித்தவர்கள். இப்போது அவள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறாள். நான் நெல்லிக்குப்பம் போகிற வழியில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். அவள் மகன், தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டிய 25 சதவீத ஒதுக்கீட்டில், எங்கள் பக்கம் ஆர்.டி.இ. சீட்டு என்பார்களே, அதில் தனியார் பள்ளியில் படிக்கிறான். என் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு. அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர்.

போன மாதம் தங்கை போனில் கேட்டாள்: “அக்கா, ஒரு பிள்ளைக்கு அரசாங்கம் பண்ற செலவை நம்ம பேர்லயே சீட்டா எழுதிக் குடுத்துட்டா, பிடிச்ச ஸ்கூல்ல சேத்துட்டுப் போறோம். இதுல என்ன தப்பு?”

அவள் கேட்டதற்குப் பெயர்தான் வவுச்சர். 1955-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் எழுதிய யோசனை அது. படிப்புக்கான பணத்தை அரசு தரட்டும், பள்ளியை அரசேதான் நடத்த வேண்டும் என்பதில்லை, பெற்றோர் எந்தப் பள்ளிக்குப் போகிறார்களோ அங்கே பணமும் போகட்டும், பள்ளிகள் போட்டி போட்டுக்கொண்டு முன்னேறும் என்பது அதன் சாரம். அன்றைக்குத் தங்கைக்குப் பாதி பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். எங்கள் முன்னால் இருப்பவை மூன்று வழிகள்: வவுச்சர், இப்போதுள்ள 25 சதவீத ஒதுக்கீடு, பக்கத்து அரசுப் பள்ளியைத் தூக்கி நிறுத்துவது.

வவுச்சர்

இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் தெருவில் எத்தனை வீட்டு நகை அடகுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். வசதியுள்ளவர்கள் எந்தப் பள்ளி என்று இன்றைக்கே தேர்ந்தெடுக்கிறார்கள். இல்லாதவர்களுக்கு மட்டும் ‘இருக்கிற பள்ளியில் படி’ என்பது நியாயமா? வவுச்சர் கேட்பவர்களின் இந்தக் கேள்வி வலுவானது. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கொலம்பியாவில் 1991-இல் ஏழைப் பிள்ளைகள் தனியார் உயர்நிலைப் பள்ளியில் படிக்க வவுச்சர் கொடுத்தார்கள். விண்ணப்பம் அதிகமான ஊர்களில் குலுக்கல் நடந்தது. சீட்டு விழுந்த பிள்ளைகளையும் விழாத பிள்ளைகளையும் பின்னாளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, விழுந்தவர்கள் எட்டாம் வகுப்பை முடிப்பது ஏறக்குறைய 10 சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்தது. நல்ல பலன்தான். ஆனால் அங்கே அன்றைக்கு அரசு உயர்நிலைப் பள்ளிகளில் இடமே போதவில்லை. அந்தக் குறைக்கு வவுச்சர் மருந்தானது. எங்கள் ஊர்ப் பள்ளியில் இடம் காலியாகக் கிடக்கிறது, டீச்சர்தான் போதவில்லை. தலைவலிக்குக் கொடுத்த மாத்திரையைக் கால்வலிக்கும் கொடுக்க முடியுமா?

நமக்கு இன்னும் பக்கத்தில், அன்றைய ஆந்திரத்தில், 2008-இல் ஒரு பெரிய சோதனை நடந்தது. 5 மாவட்டங்களில் 180 கிராமங்கள். அங்கேயும் குலுக்கல்தான். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செய்த அந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுக்குப் பிறகு பார்த்தால், வவுச்சரில் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகளும் போகாத பிள்ளைகளும் தெலுங்கிலும் கணக்கிலும் ஒரே நிலையில் இருந்தார்கள். தனியார் பள்ளிகள் கூடுதல் நேரம் ஒதுக்கிய இந்தியில் மட்டும் போனவர்கள் முன்னே நின்றார்கள். அரசுப் பள்ளியிலேயே தங்கிவிட்ட பிள்ளைகளுக்குக் கெடுதல் எதுவும் தென்படவில்லை. இதை நான் மறைக்கக் கூடாது. தனியார் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆன செலவு அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. வவுச்சரை ஆதரிப்பவர்கள் பிடித்துக்கொள்வது இந்தக் கடைசிக் கணக்கைத்தான்.

அந்தச் செலவு எப்படிக் குறைந்தது என்று பார்த்தால், முக்கியமான காரணம் ஆசிரியர் சம்பளம். எங்கள் ஊரில் பி.எட். முடித்த பெண்கள் காலை ஏழரைக்கு வேனில் ஏறித் தனியார் பள்ளிக்கு வேலைக்குப் போகிறார்கள். மாதம் என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டால் வாய்விட்டுச் சொல்லக் கூசுவார்கள். பிள்ளைக்குச் செலவு குறைகிறது என்று நாம் சந்தோஷப்படும் இடத்தில் அந்தப் பெண்கள் நிற்கிறார்கள்.

சிலி நாட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். அங்கே 1981-இல் பினோசேயின் ராணுவ ஆட்சி நாடு முழுவதும் வவுச்சரைக் கொண்டுவந்தது. பிள்ளையின் தலைக்கு இவ்வளவு என்று அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் ஒரே மாதிரி பணம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தனியார் பள்ளிகளுக்குப் பெயர்ந்தார்கள். பிறகு பள்ளிகள் வவுச்சருக்கு மேல் கட்டணம் வாங்கவும் வழி பிறந்தது. தேர்வு வைத்து, பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்து, பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார்கள். பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று தொடங்கியது, பள்ளி பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதில் போய் நின்றது. நாட்டின் சராசரிக் கற்றல் இதனால் உயர்ந்ததாகத் தெரியவில்லை என்பது 2006-இல் வந்த ஒரு முக்கியமான ஆய்வின் முடிவு. அதே ஆண்டில் பள்ளி மாணவர்களே தெருவுக்கு வந்து போராடினார்கள். 2011-இல் மறுபடியும். 2008-இல் ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் தொகை கொடுத்து ஓரளவு சரிசெய்தார்கள். 2015-இல் சட்டம் போட்டு, அரசுப் பணம் வாங்கும் பள்ளிகள் லாபம் பார்ப்பதையும் பிள்ளைகளைப் பொறுக்குவதையும் தடுத்து, கூடுதல் கட்டணத்தையும் படிப்படியாக நிறுத்த வழி செய்தார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது, கட்டிய முடிச்சை அவிழ்க்க.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரம் 1990-இல் வவுச்சரைத் தொடங்கியது. லூசியானா 2012-இல் மாநிலம் முழுக்க விரித்தபோது, குலுக்கலில் வவுச்சர் கிடைத்துத் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் முதல் ஆண்டிலேயே நன்றாகச் சரிந்தது. அரிசோனா மாநிலம் 2022-இல் வவுச்சர் எல்லோருக்கும் உண்டு என்றது. தொடக்கத்தில் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே அரசுப் பள்ளியில் இல்லாதவர்கள்.

25 சதவீத ஒதுக்கீடு

நம் ஊரில் வவுச்சருக்கு நெருங்கிய உறவு இதுதான். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், 12(1)(சி) பிரிவு. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு இடத்தை நலிந்த பிரிவினருக்குக் கொடுக்க வேண்டும், கட்டணத்தை அரசு அந்தப் பள்ளிக்குத் திருப்பித் தரும். 2012-இல் உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்றது. 2014-இல் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு என்று தெளிவாக்கியது.

வவுச்சரோடு ஒப்பிட்டால் இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பள்ளி பிள்ளையைப் பொறுக்க முடியாது. 2023 மே மாதம் தங்கையோடு நானும் குலுக்கலுக்குப் போயிருந்தேன். பள்ளி வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் மடித்த சீட்டுகள், எடுப்பதற்கு ஒரு சின்னப் பையன். அவன் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்க, பெயர் படிக்கப் படிக்க, என் கையை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். மகன் பெயர் வந்ததும் அழுதுவிட்டாள். எங்களுக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா கடைசிச் சீட்டு வரை இருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அப்புறம்தான் கணக்கு தொடங்கியது. கட்டணம் இல்லை, சரி. நோட்டுக்கு, ஷூவுக்கு, ஸ்மார்ட் கிளாஸுக்கு என்று ஒவ்வொரு பருவத்துக்கும் பணம் கேட்டார்கள். ரசீது கேட்டால், “ஆர்.டி.இ. பேரன்ட்ஸ்தானே, இதைக்கூடக் கட்டமாட்டீங்களா?” என்று மற்றவர்கள் முன்னால் பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே அவள் கட்டினாள்.

இன்னொரு குறை, இது அடுத்தவர் கையை எதிர்பார்த்தே நடக்கிற ஏற்பாடு. மத்திய அரசு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதியை நிறுத்தி வைத்ததில், 2025–26 சேர்க்கை தமிழ்நாட்டில் வழக்கமான நேரத்தில் நடக்கவில்லை. பணம் வந்து வேலை தொடங்கியபோது அக்டோபர் ஆகிவிட்டது. ஜூனில் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது? வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்கள் உண்டு. வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதால் என்னைப் போலக் கிராமத்தில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதவே கிடையாது. எட்டாம் வகுப்போடு உரிமையும் முடிந்துவிடும்.

பக்கத்துப் பள்ளி

என் மனம் இங்கேதான் இருக்கிறது. பாசத்தால் மட்டும் சொல்லவில்லை, ஒரு எண்ணிக்கையால் சொல்கிறேன்.

தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை அப்படி. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று எத்தனை பிள்ளைகள் என்று பார்த்துப் பணியிடத்தை நிர்ணயிப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒரு டீச்சர் ‘உபரி’ ஆகிவிடுவார். பணி நிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார்.

இப்போது வவுச்சரை இங்கே வைத்துப் பாருங்கள். 64 பேர் படிக்கும் பள்ளியிலிருந்து 5 பேர் சீட்டோடு கிளம்புகிறார்கள். 59. ஒரு டீச்சர் போய்விட்டார். மீதி இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பார்க்க வேண்டும். ஒருவர் எமிஸ் என்ற அரசு இணையப் பதிவேட்டில் பதிவு செய்யவோ கூட்டத்துக்குப் போகவோ எழுந்தால் மற்றவர் தலையில் மொத்தப் பள்ளியும். கிளம்பிய 5 பேருக்கான பணம்தானே போனது என்று கணக்கில் தெரியும், ஆனால் தங்கிய 59 பேருக்கும் மூன்றில் ஒரு பங்கு ஆசிரியர் குறைந்துவிட்டார். அதைப் பார்த்து அடுத்த ஆண்டு இன்னும் 5 பேர் டி.சி. வாங்குவார்கள். வாங்கக்கூடியவர்கள் யார்? விவரம் தெரிந்த, கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிற பெற்றோர். அவர்கள் போன பிறகு கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று யார் கேட்பது?

25 சதவீத ஒதுக்கீடும் இதே ஓட்டையை, சின்னதாக, போடுகிறது. அதனால்தான் தங்கையின் சந்தோஷத்தில் முழுதாகக் கலந்துகொள்ள என்னால் முடியவில்லை. அதற்காக அவளைக் குறை சொல்லவும் மாட்டேன். டீச்சர் இல்லாத பள்ளியில் பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திரு என்று எந்தத் தாயிடமும் சொல்ல எனக்கு வாயில்லை.

பணம் பள்ளியில் தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் சமையல் கூடமே சாட்சி. 2023 ஆகஸ்ட் 25-இலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. எட்டேகாலுக்கு நான் போகும்போது மகளிர் குழுப் பெண்கள் கிச்சடியை இறக்கிக்கொண்டிருப்பார்கள். முன்பெல்லாம் காலையில் சாப்பிடாமல் வந்து பத்தரை மணிக்குச் சுவரில் சாய்ந்துகொள்ளும் ஒரு பெண் குழந்தை இருந்தது. இப்போது அது முதல் வரிசையில் தட்டோடு நிற்கிறது, மணி அடிக்கும் முன்பே வந்துவிடுகிறது. இந்தச் சாப்பாடு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. குலுக்கல் கிடையாது.

முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 1930-இல், பள்ளியில் மதிய உணவு போட்டிருக்கிறார்கள். 2024–25-இலிருந்து அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. சி.பி.எஸ்.இ. வேண்டும் என்றுதானே நிறைய பேர் தனியாருக்குப் பணம் கட்டுகிறார்கள்? அதையே அரசுப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியருக்குப் போதிய பயிற்சி கொடுக்காமல் பாடத்தை மட்டும் மாற்றினால் பிள்ளைதான் திணறும் என்ற கவலை எனக்கு உண்டு. ஆனாலும் பெற்றோர் எதைத் தேடி ஓடுகிறார்களோ அதைப் பள்ளிக்குள் கொண்டுவருவது சரியான திசை.

வவுச்சர் வேண்டாம். 25 சதவீத ஒதுக்கீடு உள்ளவரை அதன் பணம் நேரத்துக்குப் போக வேண்டும், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், தலை எண்ணி டீச்சர் போடுவதை விட்டுவிட்டு வகுப்புக்கு ஒரு டீச்சர் போட வேண்டும். இந்த ஜூனில் எங்கள் பள்ளியில் 58 பேர்தான் இருந்தார்கள். நாங்கள் நான்கு அம்மாக்கள் வீடு வீடாகப் போனோம். ஆகஸ்ட் 1 அன்று 61.

இதையெல்லாம் சொன்னபோது தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எட்டாவது முடிஞ்சா இவன் எங்கக்கா போறது?” என்றாள். ஆர்.டி.இ.யில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு அவனும் தகுதி பெறுவான் என்றேன். அவளுக்கு அது தெரியாது.

“அந்த ஹைஸ்கூல்ல கணக்கு வாத்தியார் இருக்காரா?”

தெரியவில்லை என்றேன். வருகிற திங்கட்கிழமை இரண்டு பேரும் போய் எச்.எம்.மிடம் கேட்கப் போகிறோம்.